விசாரிப்புத் திலகம்

தெருவுக்கு ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறதோ இல்லையோ, விசாரிப்புத் திலகம் ஒருவர் கட்டாயம் இருப்பார். அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார். விசாரிப்பதிலிருந்து பெற்றிருக்க மாட்டார். சட்டைப் பையில் இரண்டு பேனா, அதில் ஒன்று எழுதாது. கக்கத்தில் போன வருஷத்து டைரி. அந்த டைரியில் மார்ச் 14ஆம் தேதிப் பக்கத்தில் ஸ்கூபா டைவிங் கட்டணம் இருக்கும். ஜூன் 2ஆம் தேதியில் வீணை டீச்சர் வீட்டுக்கு வழி. ஆகஸ்ட் பூராவும் சிலம்பம்.

எங்கள் நங்கநல்லூர்த் திலகம் இதுவரை எந்த வகுப்பிலும் சேர்ந்ததில்லை. ஆனால் கிண்டிக்கும் தாம்பரத்துக்கும் நடுவே அவர் படியேறி விசாரிக்காத வகுப்பும் இல்லை. இந்தி கற்கலாம் என்று தி.நகர் இந்திப் பிரச்சார சபை வரை போய், பிராத்மிக் பரீட்சைக்கு எப்போது பணம் கட்டணும், புத்தகம் எங்கே கிடைக்கும், ஹால் டிக்கெட் தொலைந்தால் என்ன செய்யணும் என்பதெல்லாம் தெரிந்துகொண்டு வந்தார். அவருடைய இந்தி இன்றைக்கும் 'நமஸ்தே'யைத் தாண்டவில்லை. ஆனாலும் அவரைக் கேட்டுவிட்டுச் சேர்ந்த பிள்ளைகள் எங்கள் தெருவில் பிரவீண் வரை முடித்திருக்கிறார்கள்.

அவருக்கு ரைபிள் பிடித்தது 2024இல். ஜூலை 28ஆம் தேதி பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கினார். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து இன்னொரு வெண்கலம். ஆகஸ்ட் 1ஆம் தேதி ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிளில் மூன்றாவது வெண்கலம். ஐந்து நாளில் மூன்று பதக்கம். நாடே கை தட்டியது. நம் திலகம் டைரியில் புதுப் பக்கம் புரட்டினார்.

அன்று சாயங்காலமே, கொத்தவரங்காய் நிறுத்துக்கொண்டிருந்த கடைக்காரரிடம், "ஏம்ப்பா, இந்தப் பக்கம் ரைபிள் கிளாஸ் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

கடைக்காரர் தராசைக் கீழே வைத்தார். "ஏன் சார், மாடியில குரங்குத் தொல்லையா?"

காய்கறிக் கடைக்காரருக்கு ரைபிள் வகுப்பு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் திலகத்தின் தொழில் நுணுக்கம் இருக்கிறது. எந்த விசாரிப்பையும் அவர் விஷயம் தெரியாதவர்களிடமிருந்துதான் ஆரம்பிப்பார். தெரிந்தவர் ஒரே வரியில் பதில் சொல்லி ஆட்டத்தை முடித்துவிடுவார். தெரியாதவர் இன்னும் இரண்டு பேரைக் காட்டுவார். அந்த இருவருக்கும் தெரியாமலிருந்தால் நாலு பேர் கிடைப்பார்கள். நல்ல விசாரிப்பு இப்படித்தான் வளரும்.

முடிதிருத்தும் கடையில், "நம்ம கஸ்டமர் ஒருத்தர் மிலிட்டரியில இருந்தார் சார்" என்றார்கள். டைரி திறந்தது. "ஆனா அங்க அவர் சமையல்" என்றார்கள். டைரி மூடவில்லை. சமையல்காரரையும் போய்ப் பார்த்தார். ஐநூறு பேருக்குச் சப்பாத்தி மாவு பிசைவது எப்படி என்று ஒன்றரைப் பக்கம் குறிப்பு எடுத்துக்கொண்டு திரும்பினார்.

அடுத்தது பக்கத்துத் தெருவில் இருக்கும் ரிட்டயர்டு ஏட்டு. "துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு நின்னது ஜாஸ்தி சார். சுட்டதெல்லாம் வருஷாந்திர பிராக்டிஸ்லதான்" என்று பெருமூச்சு விட்ட ஏட்டய்யா, போலீஸ் புத்தி போகாமல், "எதுக்குக் கேக்கறீங்க? வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்றார். அன்றிலிருந்து கோயிலில் திலகத்தின் மனைவியைப் பார்க்கும்போதெல்லாம் ஏட்டய்யா தனியாக நிறுத்தி, "நல்லா இருக்கீங்களாம்மா? எதுன்னாலும் சொல்லுங்க" என்று கேட்கிறார்.

பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர். "கேம்ப்ல எனக்கு பாயிண்ட் டூ டூ ரைபிள் குடுத்து அஞ்சு ரவுண்டு சுடச் சொன்னாங்க. குப்புறப் படுத்துக்கிட்டு சுடணும். ஆர்டர் எல்லாம் இந்தி. முன்னாடி இருக்கறவன் படுத்தா நாமும் படுக்கணும்" என்றார்.

"எத்தனை பட்டது?"

"என் டார்கெட்ல ஏழு ஓட்டை."

"அஞ்சு குண்டுக்கா?"

"பக்கத்துல படுத்திருந்தவனுக்கு ஒண்ணுகூட விழல. அவன் எனக்குச் சுட்டுட்டான். என்னோடதுல மீதி எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியாது. நான் என்.சி.சி.யில சேர்ந்ததே பரேடுக்கு அப்புறம் குடுக்கிற டிபனுக்காகத்தான்."

திலகம் டிபன் என்ன என்பதையும் குறித்துக்கொண்டார்.

நங்கநல்லூருக்குப் பக்கத்திலேயே பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம் இருக்கிறது. துப்பாக்கி கற்றுத்தருவதில் அதைவிடப் பெரிய இடம் ஏது? ஒரு காலை நடைப்பயிற்சியை அந்தப் பக்கமாகத் திருப்பினார். கேட்டில் நின்ற ஜவான் கையில் நிஜத் துப்பாக்கி. "நமஸ்தே" என்றார் திலகம். ஜவானும் மரியாதையாக "நமஸ்தே" என்றார். அதோடு திலகத்தின் இந்தி முடிந்தது. மேற்கொண்டு 'ரைபிள்', 'கிளாஸ்', 'சண்டே' என்ற மூன்று சொற்களோடு, இடது கையை நீட்டி வலது கண்ணை மூடிக் காட்டினார். ஜவானுடைய முகம் மாறியது. கேட்டுக்கு முன்னால் நின்று துப்பாக்கி பிடிப்பதுபோல் அபிநயம் காட்டும் மனிதருக்கு என்ன பதில் சொல்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். "ஆகே ஜாயியே" என்று ரோட்டைக் காட்டினார். ஆகே போனால் இன்னொரு கிளை இருக்கிறது என்று புரிந்துகொண்டு, திலகம் ஆலந்தூர் வரை நடந்தார்.

இதற்கு நடுவில் ஹூஸ்டனிலிருந்து பையன் போன் செய்தான். "அப்பா, அங்க ஏன் அலையற? இங்க வா. ஷூட்டிங் ரேஞ்ச் தெருவுக்குத் தெரு இருக்கு. காரை நிறுத்திட்டு உள்ள போனா அன்னிக்கே சுடலாம்."

"போடா" என்றார் திலகம். "அங்க விசாரிக்கவே வேண்டியதில்லையே!"

அவருக்கு எழும்பூர் தெரியாமலா இருக்கும்? நடிகர் அஜித் பழகிய சென்னை ரைபிள் கிளப் எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலக வளாகத்தில் இருப்பது சினிமா பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். 2022இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் அஜித்தின் அணி பதக்கம் வாங்கியபோது வெளியே கூடிய கூட்டத்தையும் டி.வி.யில் பார்த்தோம். ஆனால் திலகத்துக்கு அந்தப் பதக்கத்தைவிட அதற்கு முந்தைய வருஷத்துச் செய்திதான் பிடிக்கும். ரைபிள் கிளப்புக்கு வாடகைக் காரில் கிளம்பிய அஜித், பழைய கமிஷனர் அலுவலகத்துக்குப் பதிலாக வேப்பேரியில் இருக்கும் புதிய கமிஷனர் அலுவலகத்தில் போய் இறங்கிய கதை. "பாத்தீங்களா! அஜித்துக்கே வழி தப்பிடுச்சு. ஏன்? கிளம்பறதுக்கு முன்னாடி நாலு பேர்கிட்ட விசாரிக்கல" என்பார்.

அவர் நாலு பேரிடம் விசாரித்துவிட்டே எழும்பூர் போனார். பழைய கமிஷனர் அலுவலகமான அந்தச் சிவப்புக் கட்டடம் இப்போது போலீஸ் அருங்காட்சியகம். உள்ளே போய், பழைய துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அங்கிருந்த காவலரிடம், "இதுல எது கத்துக்கறதுக்குச் சுலபம்?" என்று கேட்டார். சாயங்காலம் ஆகிவிட்டதால் கிளப்பை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டார். நல்ல இடத்தை ஒரே நாளில் தீர்த்துவிடக் கூடாது என்பது அவர் கொள்கை.

வீட்டில் அவருடைய மனைவிக்கு இது எதிலும் கவலை இல்லை. "என்னங்க, நீங்க துப்பாக்கி எடுக்கிறதைப் பத்தி எனக்கு ஒரு பயமும் கிடையாது. பாத்ரூம்ல கரப்பான்பூச்சி வந்தாலே என்னைத்தானே கூப்பிடறீங்க" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டார்.

கடைசியில் வகுப்பு கிடைத்தது மிகப் பக்கத்தில். 10 மீட்டர் ரைபிளுக்கு மைதானம் தேவையில்லை, கொஞ்சம் நீளமான கூடம் போதும். அடுத்த பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்மாடியில் அந்தக் கூடம் இருந்தது. கீழே பந்தி நடக்கும்போது மேலே சுடுவார்கள். அப்பளம் நொறுங்கும் சத்தத்துக்கும் ஏர் ரைபிள் சத்தத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாததால் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அங்கே அப்படி ஒரு பயிற்சி நடப்பதே தெரியாது.

திலகம் போனபோது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பயிற்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். கேன்வாஸ் துணியில் விறைப்பான கோட்டு, அதே துணியில் பேன்ட், இடது கையில் தடித்த கையுறை. அடிப்பாகம் லேசில் மடங்காத பூட்ஸ் போட்டு அவள் தொம்தொம்மென்று நடந்து வந்ததைப் பார்த்து, "கால்ல அடியாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல அங்கிள். பூட்ஸு லேசில மடங்காது."

"ஏன் மடங்காது?"

"மடங்கினா உடம்பு ஆடும். ஆடினா ஒம்பது."

ரைபிளில் குழாய்க்குள் செருகியிருந்த ஆரஞ்சு நிறக் கயிற்றை அவள் உருவினாள். உள்ளே குண்டு இல்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி; சுடாத நேரத்தில் அது செருகியே இருக்கணும். டப்பாவிலிருந்து ஒரு பெல்லட்டை எடுத்தாள். நாலரை மில்லிமீட்டர் ஈயம், உடுக்கை மாதிரி இடுப்புச் சிறுத்து இருந்தது. அதைப் போட்டு மூடினாள். ரைபிள் ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம் என்பது விதி. அதைத் தூக்கி, இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, கன்னத்தைக் கட்டையில் வைத்தாள். பாதி மூச்சை வெளியே விட்டாள். மீதியை நிறுத்தினாள். கூடத்தில் மின்விசிறி மட்டும் சுற்றியது. ஆறேழு விநாடி. சுடவில்லை. ரைபிளை இறக்கிவிட்டாள்.

"என்னம்மா, ரிப்பேரா?"

"மனசு ஒப்பல அங்கிள். ஒப்பலைன்னா இறக்கிடணும். இழுத்துப் பிடிச்சுச் சுட்டா வெளியில போயிடும்."

திலகம் அதைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார். சேர மனசு ஒப்பாமல் இத்தனை வகுப்புகளின் வாசலோடு திரும்பிய மனிதருக்கு, தன்னுடைய வாழ்க்கை முறை சரிதான் என்று ஒரு விளையாட்டே சான்றிதழ் கொடுத்தது போலிருந்தது.

பிறகு கோச்சைப் பிடித்தார். அடுத்த இரண்டு மணி நேரத்தில் அவர் கறந்த தகவல்கள் டைரியில் செப்டம்பர் மாதத்தைத் தீர்த்தன. அட்டையில் இருக்கும் வளையங்களின் மொத்த அகலம் 45.5 மில்லிமீட்டர். நட்ட நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர். (அரை மில்லிமீட்டரில் ஒரு புள்ளி வைத்துப் பார்க்க முயன்றார். முதல் பேனா எழுதவில்லை. இரண்டாவது பேனா வைத்த புள்ளி ஏழாம் வளையம் வரை பரவியது.) போட்டியில் 75 நிமிஷத்தில் 60 குண்டு. ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9. ஆக மொத்தம் 654. "பத்துக்குப் பத்தேமுக்காலுக்கு மேல மார்க் போடற பரீட்சை இது ஒண்ணுதான் சார்" என்று அவர் இன்றைக்கும் வியப்பார்.

லைசென்ஸ் பற்றிய பாகம் அவருக்கு மனப்பாடம். நாலரை மில்லிமீட்டர் ஏர் ரைபிள், சக்தி 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். வெடிமருந்தில் சுடும் பாயிண்ட் டூ டூ என்றால் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்கீழ் லைசென்ஸ் வேண்டும். ஒலிம்பிக் தரத்து ஏர் ரைபிளின் விலை லட்சங்களில். அதனால் முதலில் கிளப் ரைபிளில்தான் பழகுவார்கள். முதல் சில வாரம் குண்டே கிடையாது. வெறுமனே ரைபிளைத் தூக்கிப் பிடித்து நிற்க வேண்டும். அதற்கு 'ஹோல்டிங்' என்று பேர். சுடாமலே விசையை அழுத்திப் பழகுவது 'டிரை'. சுட்டு முடித்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும், ஈயம் ஆகாது.

"சோப்பு நீங்க தருவீங்களா, நாங்க கொண்டு வரணுமா?" என்று கேட்டார் திலகம்.

கோச்சுக்கு அந்தக் கேள்வி புதிது. இருபது வருஷமாகச் சுடுகிறவர், சொல்லித்தருகிறவர். கண்ணாடி போட்டவன் சுடலாமா, இடது கைக்காரனுக்குத் தனி ரைபிளா, ஸ்கூட்டர் நிழலில் நிறுத்த முடியுமா, அமாவாசைக்கு லீவா, கீழே கல்யாணம் இருந்தால் வாசல் பக்கமாக வரலாமா என்று எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு எழுந்து ஒரு ரைபிளை எடுத்து நீட்டினார். "கேட்டது போதும் சார். ஒரு தடவை தூக்கிப் பாருங்க."

திலகம் இரண்டடி பின்வாங்கினார். "இன்னிக்கு அஷ்டமி சார்" என்றார்.

மறுநாள் நவமி. அதற்கு அடுத்த நாள் சம்பந்தி வீட்டு விசேஷம். ஆனால் போவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. வாரம் மூன்று நாள் சாயங்காலம் கூடத்தின் பின்பெஞ்சில் அவரைப் பார்க்கலாம். ஒலிம்பிக்குக்குப் பிறகு அந்த மாடிப்படியில் பெற்றோர் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. கோச் லேனில் நிற்கும்போது அவர்களைக் கவனிக்க ஆள் இல்லை. பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் தானாகப் பதில் சொல்ல ஆரம்பித்தது.

சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பதில்களில் சரக்கு இருந்தது. "நம்ம ஊர்ல யாரு சார் இதுல பெருசா வந்திருக்கா?" என்று ஒரு அப்பா அலுத்துக்கொண்டால் போதும். "இளவேனில் வாலறிவன் எந்த ஊர்? கடலூர்ல பொறந்த பொண்ணு, அகமதாபாத்ல வளர்ந்தது. இதே 10 மீட்டர் ஏர் ரைபிள்தான், ரெண்டு ஒலிம்பிக் பாத்தாச்சு. பாரிஸ்ல ட்ராப் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை. ஆனா அது ஷாட்கன், பறக்கிற தட்டைச் சுடணும், அது வேற கிளாஸ். 2012 லண்டன்ல வெண்கலம் வாங்கின ககன் நாரங் பொறந்ததே நம்ம மெட்ராஸ்ல. சின்னப் பிள்ளையா இருந்தப்போ பீச்சுல பலூன் சுட்டதைப் பாத்துத்தான் அவங்கப்பாவுக்குப் பையன் கையில விஷயம் இருக்குன்னு பட்டுதாம். உங்க பிள்ளையை மெரினாவுக்குக் கூட்டிட்டுப் போய் பலூன் சுட வெச்சிருக்கீங்களா? இல்லியா? முதல்ல அதைச் செய்யுங்க" என்று ஒரே மூச்சில் கொட்டுவார். அபினவ் பிந்திரா 2008இல் பெய்ஜிங்கில் வாங்கிய தங்கம் வரை வருவதற்குள் அந்த அப்பா அட்மிஷன் பாரத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருப்பார்.

இப்படி அவர் சேர்த்துவிட்ட பிள்ளைகள் ஒரு லேன் நிறைய இருக்கிறார்கள். எங்கள் தெருக் காய்கறிக் கடைக்காரர் மகளும் அதில் ஒருத்தி. மாவட்டப் போட்டிவரை போய்விட்டாள். குரங்கு பற்றிக் கேட்டவர் இப்போது கடையில் அவளுடைய குண்டு துளைத்த அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். ஓட்டைகள் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்து ஒரே துளையாகத் தெரிகிறது. வாங்க வருகிறவர்கள், "ஒண்ணுதான் பட்டுதா?" என்று கேட்டால், பத்தும் அதற்குள்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதற்குப் பேர் 'குரூப்பிங்' என்றும் விளக்குகிறார். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்கவே வேண்டாம்.

கோச் கெட்டிக்காரர். மாடிப்படி முனையில் ஒரு மேஜை போட்டு, பயிற்சிக்கூடத்து செல்போனைத் திலகத்தின் கையில் கொடுத்துவிட்டார். சம்பளம் கிடையாது, இரண்டு வேளை டீ. வாழ்நாளெல்லாம் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்ற மனிதர் அந்தப் பக்கம் உட்கார்ந்தார். அந்த வருஷம் டிசம்பரில் குகேஷ் செஸ்ஸில் உலக சாம்பியன் ஆனபோது ஊரே செஸ் வகுப்பு தேடி ஓடியது. நம் திலகம் மேஜையை விட்டு அசையவில்லை.

போன வாரம் ஒரு போன் வந்தது. குரோம்பேட்டையிலிருந்து யாரோ ஒருவர். பதவிக்காலம் முடிந்த குரல். கட்டணம் கேட்டார், நேரம் கேட்டார், கண்ணாடி கேட்டார், ஸ்கூட்டருக்கு நிழல் கேட்டார். ரைபிளைத் துடைக்க எண்ணெய் தருவார்களா, அதற்குத் தனியாகக் காசா என்று கேட்டார். மழை நாளில் காற்று ஈரமானால் பெல்லட் வளையுமா என்றார். முக்கால் மணி நேரம் கழித்து, பூட்ஸுக்குள் போடும் சாக்ஸ் பருத்தியா நைலானா என்று ஆரம்பித்தார்.

திலகத்தின் காது சிவந்தது. "சார், இதெல்லாம் போன்ல பேசற விஷயமில்ல. சேர்றதா இருந்தா நேர்ல வாங்க" என்று பட்டென்று வைத்தார். பிறகு கோச் பக்கம் திரும்பி, "சில பேருக்கு வேற வேலையே இல்ல சார். சேரவும் மாட்டாங்க, விடவும் மாட்டாங்க" என்றார்.

லேனில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் ரைபிளை இறக்கிவிட்டுக் குனிந்துகொண்டார்கள். கோச் மட்டும் சிரிக்கவில்லை. மூச்சை அடக்குவதில் அவருக்கு இருபது வருஷப் பழக்கம்.